2010 ஜனவரி 26: யாழ்ப்பாணம் இட்ட புள்ளடியும் இடாத புள்ளடியும்

இலங்கையின் 2010 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பெறுபேறு அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். பதிவு செய்யப்பட்ட வாக்காளர் 721,359. சரத் பொன்சேகா 113,877. மகிந்த ராஜபக்ச 44,154. வாக்களித்தோர் நூற்றுக்கு 25.66. அன்றிலிருந்து இன்றுவரை இந்த எண்களை ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய விதத்தில் வாசித்து வருகிறார்கள். தங்களைக் கொன்ற படையின் தளபதிக்கே தமிழர் வாக்களித்தார்களே என்று வியப்பவர்கள் உண்டு. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு சொன்னதை மக்கள் செய்தார்கள் என்று கணக்கை முடிப்பவர்கள் உண்டு. நான்கில் மூன்று பேர் வரவில்லை, ஆகவே தமிழ் மக்கள் தேர்தலையே தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று மேடையில் முழங்கியவர்களும் உண்டு.

இந்த மூன்று வாசிப்பும் எனக்குப் போதவில்லை. அந்த அரைப் பக்கத்துக்குள் வாக்களித்தவர்களின் மறுப்பு இருக்கிறது. வேண்டுமென்றே வீட்டில் இருந்தவர்களின் மௌனம் இருக்கிறது. வாக்களிக்க விரும்பியும் வழியற்றுப் போனவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் மேலாக, பெயர் மட்டும் வாக்காளர் இடாப்பில் எஞ்சி, ஆள் இல்லாமல் போனவர்கள் இருக்கிறார்கள். கொழும்பு இவற்றையெல்லாம் ஒரே எண்ணாகக் கூட்டிப் பார்த்தது. நாடு முழுவதுக்குமான மொத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்சியைத் தொடர்ந்தது. விடுதலைப் புலிகளுடனான போர் முடிந்து எட்டு மாதங்களில் நடந்த ஒரு தேர்தல் போரின் காயத்தை ஏன் தொடக்கூட இல்லை என்பதை விளங்கிக்கொள்ள, அந்த மொத்தத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முந்தி வந்த தேர்தல்

2005 நவம்பர் 17 இல் தெரிவான மகிந்த ராஜபக்சவுக்கு ஆறு ஆண்டுப் பதவிக்காலம் இருந்தது. 2011 வரை அவர் மக்களிடம் போக வேண்டிய தேவையில்லை. ஆனால் ஜே.ஆர். ஜெயவர்தன தமது வசதிக்காக 1982 இல் கொண்டுவந்த அரசியலமைப்பின் மூன்றாவது திருத்தம், முதல் பதவிக்காலத்தில் நான்கு ஆண்டுகளை முடித்த ஜனாதிபதி தாம் விரும்பும் நேரத்தில் தேர்தலுக்குப் போக இடமளித்தது. ஜெயவர்தனவும் பின்னர் சந்திரிகா குமாரதுங்கவும் அந்த வாசலால் நுழைந்தவர்கள்தான். மகிந்த 2009 நவம்பர் 23 இல் அதே வாசலைத் திறந்தார். நான்கு ஆண்டுகள் முடிந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த நவம்பரில் மத்திய வங்கி வெளியிட்ட 1000 ரூபாய் நினைவு நாணயத்தாள் ஒன்று இருக்கிறது. முன்பக்கத்தில் இரு கைகளையும் உயர்த்திய மகிந்தவின் உருவம். பின்பக்கத்தில் படையினர் சிங்கக் கொடியை நட்டு நிமிர்த்தும் காட்சி. தாளில் உள்ள திகதி 2009 மே 20. அது மக்கள் கைக்கு வந்தது நவம்பர் 17 இல், தேர்தல் அறிவிப்புக்கு ஆறு நாள் முன்பு. தேர்தல் விஞ்ஞாபனத்தைவிட அந்தத் தாளே இந்தத் தேர்தல் எதைப் பற்றியது என்பதைத் தெளிவாகச் சொன்னது என்று நான் நினைக்கிறேன். வெற்றிக்கு உரிமை கோரும் தேர்தல் அது. அந்தத் தாளைக் கொடுத்துத்தான் வவுனியாவிலும் சாவகச்சேரியிலும் அரிசி வாங்க வேண்டியிருந்தது.

2009 மே 19 அன்று நாடாளுமன்றத்தில் மகிந்த சில வரிகள் தமிழிலும் பேசினார். இனி இந்த நாட்டில் சிறுபான்மையினர் என்று யாரும் இல்லை, நாட்டை நேசிப்பவர்களும் நேசிக்காதவர்களும் மட்டுமே உண்டு என்பது அன்றைய உரையின் சாரம். கேட்பதற்கு அரவணைப்புப் போல இருக்கும். ஆனால் தமிழராக ஒரு குறையை எடுத்துச் சொல்பவர் எந்தப் பக்கத்தில் எண்ணப்படுவார் என்பதையும் அந்தப் பிரிப்பே தீர்மானித்துவிட்டது. அன்றைய தினம் ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள் வன்னியிலிருந்து கொண்டுவரப்பட்டு முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள், அல்லது அங்கே போகும் வழியில் இருந்தார்கள்.

ஒரு போருக்கு இரண்டு உரிமையாளர்

எதிரணிக்கு ஆள் இல்லை என்பதே மகிந்தவின் கணக்கு. போரை வென்ற தலைவரை எதிர்த்து எதிர்க்கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்க நின்றால் தோற்பார் என்பது ரணிலுக்கே தெரியும். அந்த நேரத்தில்தான் போரை வென்ற இன்னொருவர் மேடைக்கு வந்தார்.

சரத் பொன்சேகா 2005 டிசம்பரில் இராணுவத் தளபதியானவர். 2006 ஏப்ரல் 25 இல் கொழும்பு இராணுவத் தலைமையகத்துக்குள் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் படுகாயமடைந்து, மீண்டு வந்து இறுதிவரை போரை நடத்தியவர். போர் முடிந்த சில வாரங்களில், 2009 ஜூலையில், கூட்டுப்படைகளின் பிரதானி என்ற பதவிக்கு அவர் மாற்றப்பட்டார். பெயரளவில் அது உயர்வு; நடைமுறையில் படைகள் அவர் கையை விட்டுப் போயின. நவம்பர் நடுப்பகுதியில் பதவி விலகினார். மாத இறுதியில் வேட்பாளரானார். சின்னம் அன்னம்.

அவருக்குப் பின்னால் நின்ற அணியைப் பார்த்தால் அந்தக் காலத்தின் விசித்திரம் தெரியும். புலிகளுடன் சமாதானப் பேச்சு நடத்திய, ரணிலின் ஐக்கிய தேசியக் கட்சியும், அந்தப் பேச்சைத் தேசத்துரோகம் என்று சாடிய ஜே.வி.பி.யும் ஒரே மேடையில் ஏறின. ரவூப் ஹக்கீமின் முஸ்லிம் காங்கிரஸ் வந்தது. மனோ கணேசன் வந்தார். எதிர்ப்புறத்தில் மகிந்தவுடன் டக்ளஸ் தேவானந்தா, புலிகளிலிருந்து பிரிந்த கருணா, பிள்ளையான், மலையகத் தொழிற்சங்கத் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் ஆகியோர் நின்றார்கள்.

தமிழ் வாக்காளருக்கு முன்னால் வைக்கப்பட்ட தெரிவை இதைவிடக் கொடூரமாக யாராலும் வடிவமைத்திருக்க முடியாது. ஒருவர் போருக்கு ஆணையிட்டவர். மற்றவர் அதைக் களத்தில் நடத்தியவர். இந்த நாடு சிங்களவருக்கே உரியது என்று தாம் உறுதியாக நம்புவதாக 2008 இல் ஒரு கனேடிய நாளிதழிடம் சொன்னவரும் அந்த மற்றவரே. பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம், உன் பிள்ளையைக் கொண்டுபோன இருவரில் யார் நல்லவர் என்று கேட்பதற்கு நிகரானது இது. யாழ்ப்பாணத்தில் அன்று பலர் இதே கருத்தை இன்னும் கடுமையான சொற்களில் சொன்னார்கள்.

பிரசாரத்தின் நடுவே இந்தப் போட்டியே ஒரு கதவைத் திறந்தது. டிசம்பர் 13 அன்று வெளியான ஒரு ஞாயிறு இதழ் நேர்காணலில், வெள்ளைக்கொடியுடன் சரணடைய வந்த புலிகளின் தலைவர்களை ஏற்க வேண்டாம் என்று பாதுகாப்புச் செயலாளர் கோத்தபாய ராஜபக்ச களத்துக்குக் கட்டளையிட்டதாக பொன்சேகா சொன்னதாக வந்தது. அடுத்த நாளே தெற்கு கொந்தளித்தது. படையினரைக் காட்டிக்கொடுத்தவர் என்ற பட்டம் அவர்மேல் விழுந்தது. தாம் சொன்னது திரிக்கப்பட்டுவிட்டது என்று அவர் பின்வாங்கினார். இதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒரு பிரசாரத் தவறாகவே எழுதுகிறார்கள். எனக்கு அது வேறு விதமாகத் தெரிகிறது. இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்ற கேள்வி அந்தத் தேர்தல் முழுவதிலும் ஒரே ஒரு தடவைதான் சிங்கள வாக்காளர் முன் வந்தது. வந்தபோதும் கேட்கப்பட்டது, அதைச் சொல்லலாமா கூடாதா என்பது மட்டுமே. நடந்ததா இல்லையா என்று இரண்டு அணியும் கேட்கவில்லை.

தமிழ் அரசியலுக்குள் நடந்த வாதம்

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு முடிவெடுக்க ஜனவரி தொடக்கம்வரை காத்திருந்தது. 2004 இல் 22 உறுப்பினர்களுடன் நாடாளுமன்றம் போன அந்த அணி, புலிகள் இல்லாத உலகில் தானாக எடுக்கும் முதல் பெரிய முடிவு அது. இரா. சம்பந்தன் பொன்சேகாவை ஆதரிப்பதாக அறிவித்தபோது அவர் வைத்த தர்க்கம் எளிமையானது: மகிந்தவுக்கு வாக்களிக்க முடியாது, வாக்களிக்காமல் இருந்தாலும் வேறொருவருக்குப் போட்டாலும் பயன் மகிந்தவுக்கே போகும்.

அதே கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர் எம்.கே. சிவாஜிலிங்கம் அந்த முடிவு வருமுன்பே சுயேச்சையாக நின்றுவிட்டார். கொன்றவர்களில் ஒருவரைத் தெரிவு செய்யச் சொல்ல எமக்கு உரிமையில்லை என்பது அவர் தரப்பின் நிலைப்பாடு. தமிழரின் சுயநிர்ணய உரிமையைச் சிங்கள மேடையில் நீண்டகாலமாகப் பேசிவந்த இடதுசாரி விக்கிரமபாகு கருணாரத்னவும் போட்டியிட்டார். புறக்கணிப்பே சரி என்றவர்களும் இருந்தார்கள்.

இங்கே இலங்கைத் தேர்தல் முறையின் ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். ஜனாதிபதித் தேர்தலில் ஒரு புள்ளடியோடு நிறுத்த வேண்டியதில்லை. 1, 2, 3 என்று விருப்பு வரிசையையும் குறிக்கலாம். யாரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் மற்றவர்களின் அடுத்த விருப்புகள் எண்ணப்படும். கோட்பாட்டளவில் ஒரு தமிழர் சிவாஜிலிங்கத்துக்கு 1 உம் பொன்சேகாவுக்கு 2 உம் இட்டு, தன் மனச்சாட்சியையும் தந்திரத்தையும் ஒரே தாளில் வைத்திருக்க முடியும். அந்த வழியை மக்களுக்கு வீடு வீடாக விளக்கிச் சொல்ல எந்தக் கட்சிக்கும் அன்று ஆளும் இல்லை, ஆர்வமும் இல்லை. 22 வேட்பாளர்களின் பெயர்களோடு நீண்டு தொங்கிய அந்த வாக்குச்சீட்டில் பெரும்பாலானோர் ஒரே ஒரு புள்ளடியோடு வெளியே வந்தார்கள்.

யாழ்ப்பாணம் தனக்குப் பிடிக்காத ஒருவரை இன்னொருவருக்கு எதிரான கருவியாக எடுத்துக்கொண்டது அதுவே முதல் தடவையல்ல. 1982 இல் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலில் குமார் பொன்னம்பலம் யாழ் மாவட்டத்தில் 87,263 வாக்குகளுடன் முன்னணிக்கு வந்தார். ஆனால் இரண்டாவதாக வந்தவர் சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ, 77,300 வாக்குகளுடன். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலையும் 1972 அரசியலமைப்பையும் கொண்டுவந்த அதே கட்சி. வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போன இறக்குமதித் தடைக் காலத்தைத் தோட்டக்காரர்கள் மறக்கவில்லை. ஜெயவர்தனவின் திறந்த பொருளாதாரமும் யாழ் நூலக எரிப்பும் அப்போது மனதில் பசுமையாக இருந்தன. அந்த மண்ணில் வாக்குச்சீட்டு பாசத்தைக் காட்டும் தாளாக எப்போதும் இருந்ததில்லை.

செட்டிகுளத்திலிருந்து வாக்குப்பெட்டிவரை

இந்தத் தேர்தலைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தலைவர்களோடு நின்றுவிடுகின்றன. கீழே இறங்கி ஒரு காரியத்தை மட்டும் பார்ப்போம்: மெனிக் பாம் முகாமில் இருந்த ஒருவர் வாக்களிக்க என்னவெல்லாம் செய்ய வேண்டியிருந்தது?

வவுனியா மாவட்டம் செட்டிகுளம் பகுதியில் காடழித்து அமைக்கப்பட்ட அந்த முகாம்களுக்கு அரசு வைத்த பெயர் நலன்புரிக் கிராமங்கள். அவற்றின் பிரிவுகளுக்குக் கதிர்காமர், ஆனந்தகுமாரசாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயரை அறிந்த பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். 2009 டிசம்பர் 1 வரை அவர்களால் வெளியே போக முடியாது. அதன் பிறகு அனுமதிச் சீட்டுடன் போய் வரலாம் என்று ஆனது. தேர்தல் அறிவிப்பு வந்து ஒரு வாரம் கழித்து வந்த தளர்வு அது. தேர்தல் நடந்த நாளிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் முகாமில்தான் இருந்தார்கள். இன்னும் பலர் உறவினர் வீடுகளிலும், திரும்பிய ஊரில் தகரக் கொட்டில்களிலும் இருந்தார்கள். புலிகள் என்று பிரித்தெடுக்கப்பட்ட பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் வேறு தடுப்பு முகாம்களில்.

வாக்களிக்க முதலில் பெயர் இடாப்பில் இருக்க வேண்டும். பயன்படுத்தப்பட்டது 2008 ஆம் ஆண்டு இடாப்பு. 2008 இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் போர்க்களம். எந்தக் கிராம அலுவலர் வீடு வீடாகப் போய்ப் பெயர் பதிந்திருப்பார்? பழைய பதிவே தொடர்ந்தது. அந்த ஆண்டுகளில் பதினெட்டு வயதான இளையவர்களின் பெயர் அதில் வர வழியில்லை. அடுத்து, இடம்பெயர்ந்தவர் தம் சொந்த ஊரின் வாக்கை இருக்கும் இடத்தில் போட வேண்டுமானால் முன்கூட்டியே விண்ணப்பித்து, கொத்தணி வாக்களிப்பு நிலையம் ஒன்றில் இடம் பெற வேண்டும். அதற்குக் கால எல்லை உண்டு. முட்கம்பிக்குள் இருப்பவருக்கு அந்தப் படிவமும் செய்தியும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்றாவது, அடையாள அட்டை. மாத்தளனிலிருந்து நந்திக்கடல் கரையால் உடுத்த உடையோடு நடந்து வந்தவர்களிடம் அட்டை எங்கே இருக்கும்? தற்காலிக அட்டைகள் வழங்கப்பட்டன. எல்லோருக்கும் அவை கிடைக்கவில்லை. கடைசியாக, பஸ். வாக்களிப்பு நிலையத்துக்கு ஏற்றிச் செல்ல ஏற்பாடான பஸ்கள் பல இடங்களில் நேரத்துக்கு வரவில்லை, சில இடங்களில் வரவே இல்லை என்று தேர்தல் கண்காணிப்பாளர்கள் அன்றே பதிவு செய்தார்கள். காலையிலிருந்து வரிசையில் காத்திருந்துவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனை தடைகளையும் தாண்டி ஒருவர் வாக்களித்தார் என்றால் அவருக்கு அந்தப் புள்ளடி எவ்வளவு முக்கியமாக இருந்திருக்க வேண்டும்! வன்னித் தேர்தல் மாவட்டத்தில் பதிவு செய்யப்பட்ட 266,975 பேரில் நூற்றுக்கு 40.33 வீதமானோர் வாக்களித்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், 70,367 பேர், பொன்சேகாவுக்கு. மகிந்தவுக்கு 28,740.

அந்த 28,740 பேரையும் நான் குறைசொல்லத் துணியமாட்டேன். ஊருக்குத் திரும்ப அனுமதி, தடுப்பிலிருக்கும் மகனைப் பார்க்க அனுமதி, கடலுக்குப் போக அனுமதி என்று எல்லாமே ஆட்சியில் இருப்பவரின் கையில் இருந்த காலம் அது. மாற்றம் வந்தால் இன்னும் என்ன வருமோ என்று அஞ்சியவர் இருப்பதைப் பற்றிக்கொள்வார்.

வாக்களிப்பு நாள்

ஜனவரி 26 செவ்வாய்க்கிழமை விடியுமுன்பே யாழ்ப்பாணத்தில் குண்டுகள் வெடித்தன. போர் முடிந்துவிட்டது என்று நம்பத் தொடங்கிய நகரத்தில் அந்தச் சத்தம் எத்தனை பேரை வீட்டுக்குள் நிறுத்தியது என்பதை எந்தப் பெறுபேற்றுத் தாளும் காட்டாது. அங்கே உயர் பாதுகாப்பு வலயங்கள் அப்படியே இருந்தன. 2005 ஆகஸ்டில் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டபோது பிறப்பிக்கப்பட்ட அவசரகாலச் சட்டமும் நடைமுறையில் இருந்தது.

தெற்கிலும் அச்சம் இல்லாமலில்லை. பிரசாரக் காலத்தில் உயிர்கள் போயின. வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 24 இரவு, ஊடகவியலாளரும் கேலிச்சித்திரக்காரருமான பிரகீத் எக்னலிகொட வீடு திரும்பவில்லை. இன்றுவரை திரும்பவில்லை. அவருடைய மனைவி சந்தியா பிற்காலத்தில் வடக்கு கிழக்குத் தாய்மாருடன் ஒரே வரிசையில் படத்தை நெஞ்சோடு அணைத்து நின்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்கவின் நிலை தனியாக எழுதப்பட வேண்டியது. அரச ஊடகங்களைக் கட்டுப்படுத்த அவர் ஒரு தகுதிவாய்ந்த அதிகாரியை நியமித்தார். அந்த ஊடகங்கள் பணிப்புகளைக் கேட்கவே இல்லை. நியமனத்தை அவரே விலக்கிக்கொள்ள நேர்ந்தது. பதினேழாவது திருத்தத்தின்படி அமைக்கப்பட வேண்டிய சுயாதீனத் தேர்தல் ஆணைக்குழு அமைக்கப்படாமலே இருந்ததால் ஓய்வுபெறவும் அவரால் முடியவில்லை. பெறுபேற்றை அறிவித்த கையோடு, தம்மால் இதைத் தாங்க முடியவில்லை, தம்மை விடுவிக்க வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார்.

வாக்களிப்பு நாளின் நடுவே இன்னொன்றும் வெளிவந்தது. பொன்சேகாவின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. ஜனாதிபதி வேட்பாளர் தமக்கே வாக்களிக்க முடியாதவராக இருந்தார். அவர் போட்டியிடவே தகுதியற்றவர் என்று அரச தரப்பு உடனே பரப்பியது. வாக்காளர் பதிவு வேட்பாளர் தகுதிக்கு நிபந்தனையல்ல என்று ஆணையாளர் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. அதற்குள் பல மணி நேரம் ஓடிவிட்டது. இடாப்பில் பெயரின்றி முல்லைத்தீவு இளைஞர்களும் அவர்களை வென்ற தளபதியும் ஒரே நாளில் வாக்கில்லாமல் இருந்தார்கள்.

கூட்டலும் பிரித்தலும்

மகிந்த 6,015,934, நூற்றுக்கு 57.88. பொன்சேகா 4,173,185, நூற்றுக்கு 40.15. இடைவெளி 1,842,749. மொனராகலையில் மகிந்தவுக்கு நூற்றுக்கு 69, அம்பாந்தோட்டையில் 67. சிவாஜிலிங்கம் நாடு முழுவதிலும் 9,662. விக்கிரமபாகு 7,055.

22 தேர்தல் மாவட்டங்களில் பொன்சேகா வென்றவை ஆறு: யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல (அம்பாறை), நுவரெலியா. ஆறிலும் தமிழரும் முஸ்லிம்களும் மலையக மக்களும் செறிந்து வாழ்கிறார்கள். மட்டக்களப்பில் கருணாவும் பிள்ளையானும் மகிந்தவுக்காக நின்றபோதும் பொன்சேகாவுக்கு நூற்றுக்கு 68.93 கிடைத்தது. நுவரெலியாவில் தொண்டமானின் தொழிற்சங்கம் சொன்னதைத் தோட்டத் தொழிலாளர்கள் கேட்கவில்லை. ஆகவே இது கூட்டமைப்பின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட வாக்கு என்ற விளக்கம் நிற்காது. கூட்டமைப்புக்கு நுவரெலியாவில் அமைப்பே இல்லை. ஒரே தலைமையை ஏற்காத மூன்று சமூகங்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. யாரை ஏற்க முடியாது என்பதில் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது. யார் வேண்டும் என்ற கேள்விக்கு அந்த வாக்குச்சீட்டில் இடமே இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்புவோம். 113,877 என்பது பதிவு செய்யப்பட்டோரில் நூற்றுக்குப் பதினாறு பேர்கூட இல்லை. அதைப் பொன்சேகாவின் வெற்றி என்று எழுதுவது சரியல்ல. ஆனால் மீதியை முழுவதும் புறக்கணிப்பு என்று எழுதுவது அதைவிடப் பிழை.

2005 இல் இதே மாவட்டத்தில் 701,938 பேரில் 8,524 பேர் மட்டும் வாக்களித்தார்கள். நூற்றுக்கு 1.21. அது விடுதலைப் புலிகளின் அழுத்தத்தில் விளைந்த வெறுமை. அந்தத் தேர்தலில் மகிந்த ரணிலை வென்றது 180,786 வாக்குகளால். வடக்கு வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பதை அன்றே எல்லோரும் எழுதினார்கள். அந்த முடிவின் விலையை நான்கு ஆண்டுகள் கழித்து வன்னி மக்கள் செலுத்தினார்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்: 2005 இல் தமிழரின் வாக்கைப் பறித்தது கொழும்பு மட்டுமல்ல.

2010 இல் தடுக்க யாரும் இல்லை. ஆனால் பயன் இல்லை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பதிவிலிருந்த அத்தனை பேரும் வந்து அன்னத்துக்கே புள்ளடி இட்டிருந்தாலும் பதினெட்டு லட்ச இடைவெளி மூடப்பட்டிருக்காது. எண்ணிக்கை மாற்றும் வலு இருந்தபோது வாக்களிக்க விடப்படவில்லை. வாக்களிக்கலாம் என்று வந்தபோது எண்ணிக்கை மாற்றும் வலு இல்லை. அதை அறிந்தும் யாழ்ப்பாணத்தில் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் பேரளவில் வரிசையில் நின்றார்கள்.

பிறகு

பெறுபேறு வந்த இரவு பொன்சேகா தங்கியிருந்த கொழும்பு ஹோட்டலைப் படையினர் சூழ்ந்தார்கள். பிப்ரவரி 8 அன்று அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. இராணுவ நீதிமன்றங்கள் அவருடைய பதவி நிலையைப் பறித்து, 30 மாதச் சிறையும் விதித்தன. வெள்ளைக்கொடி நேர்காணலுக்காகத் தனியே மூன்றாண்டுத் தண்டனை 2011 நவம்பரில் வந்தது. சொல்லப்பட்டது உண்மையா என்று எந்த நீதிமன்றமும் ஆராயவில்லை, சொன்னது குற்றம் என்றது. 2012 மே மாதம் வெளியே வந்தார். 2010 செப்டம்பர் 8 இல் பதினெட்டாவது திருத்தம் நிறைவேறி, இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற வரம்பு நீங்கியது. ஆதரவாக 161, எதிராக 17.

நாடு முழுவதற்குமான மொத்தத்தை மட்டும் வாசித்தவர்களுக்கு இவை எல்லாமே மக்கள் ஆணையாகத் தெரிந்தன. ஆறு மாவட்டங்கள் சொன்ன பதிலை வாசித்திருந்தால் அதிகாரப் பகிர்வு, காணாமல் ஆக்கப்பட்டோர், காணி ஆகியவற்றைப் பேசவாவது தொடங்கியிருக்க வேண்டும். 57.88 என்ற எண் அந்தத் தேவையைத் தள்ளிவைக்கப் போதுமானதாக இருந்தது. அடுத்த தேர்தலில், 2015 ஜனவரி 8 இல், அதே அன்னச் சின்னத்தில் வந்த மைத்திரிபால சிறிசேன மகிந்தவை 449,072 வாக்குகளால் வென்றார். யாழ்ப்பாணத்தில் மட்டும் அவருக்கு 253,574.

அந்த 2015 தேர்தலின் யாழ்ப்பாணத் தாளில் வாக்களித்தோர் நூற்றுக்கு 66.28. எல்லோரும் பார்த்தது அந்த உயர்வை. நான் பார்க்கச் சொல்வது அதற்கு மேலிருக்கும் வரியை: பதிவு செய்யப்பட்ட வாக்காளர் 529,239. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அது 721,359. இடையில் இடாப்பு மீளப் பதியப்பட்டது. இருப்பவர்களை மட்டும் எண்ணினார்கள். மாவட்டத்தின் நாடாளுமன்ற ஆசனங்கள் ஒன்பதிலிருந்து ஏழாகின. பாரிசுக்கும் டொரொண்டோவுக்கும் போனவர்கள், தெற்கில் குடியேறியவர்கள், இறந்தவர்கள், இறந்தார்களா என்றே தெரியாதவர்கள் எல்லோரும் அதில் நீக்கப்பட்டார்கள். 2010 ஜனவரி 26 அன்று வாக்களிக்க வராதவர்கள் என்று நாம் எண்ணிய ஐந்து லட்சத்துச் சொச்சம் பேருக்குள் அவர்களும் இருந்தார்கள். இரண்டு தாள்களுக்கும் இடையே 192,120 பெயர்கள். யார் எங்கே போனார்கள் என்பதற்கு அந்தத் தாள்களில் நிரல் இல்லை.